வீட்டில் கட்டிய விமானத்துக்கு ஏ.சி. தேவையா?



ஏ.சி. என்றதும் நமக்கு ஞாபகம் வருவது அறையின் அளவு, டன் கணக்கு, கரண்ட் பில். ஆனால் ஒருவர் தானே கட்டும் விமானத்துக்கு ஏ.சி. போடலாமா, வேண்டாமா? "இது பணக்காரங்க கவலை, நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! தெர்மல் பேப்பரில் நாம் படித்ததெல்லாம் இந்த ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது.

அமெரிக்காவில், பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தானே செய்து விமானம் கட்டுபவருக்கு 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற பிரிவில் பறக்க அனுமதி கிடைக்கும். இந்த வகையில் பெயர் பெற்றது, 1990-களில் கிட்டாக விற்கப்பட்ட 'லான்செயர் 4-பி'. கார்பன் ஃபைபர் உடம்பு, நான்கு சீட், 350 குதிரைத்திறன் டர்போ என்ஜின். 24,000 அடியில் பறந்தாலும் கேபினுக்குள் சுமார் 8,000 அடி உயரத்துக் காற்றழுத்தமே இருக்கும். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 5 பவுண்டு.

இந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? டர்போசார்ஜரிலிருந்துதான். காற்றை அழுத்தினால் சூடாகும் என்பது நமக்குத் தெரியும். 24,000 அடியில் வெளியே மைனஸ் 32 டிகிரி. அந்தக் காற்றை என்ஜினுக்காக மூன்று மடங்குக்கு மேல் அழுத்தும்போது, கம்ப்ரஷரின் திறன் 65 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடுகிறது! அதை இன்டர்கூலரில் ஆற்றித்தான் கேபினுக்கு விட வேண்டும். மேலே வெளிக்காற்று நல்ல குளிர் என்பதால் அது சுலபம். ஆகவே மேலே ஏ.சி.க்கு வேலையே இல்லை.

பிரச்சினை தரையில்தான். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் கோடையில் 40 டிகிரி சர்வசாதாரணம். ஓடுபாதைக்கு உருண்டு போகும்போது இன்டர்கூலருக்குப் போதுமான காற்று வராது. பெரிய கண்ணாடி வழியாக வெயில் இறங்கும். 2 சதுர மீட்டர் கண்ணாடி, சதுர மீட்டருக்கு 700 வாட் என்றால் 1,400 வாட். நான்கு பேர் உடம்புச் சூடு 400 வாட். மொத்தம் 1,800 வாட், அதாவது கிட்டத்தட்ட அரை டன். வியர்த்துக் களைத்த பைலட் செக்லிஸ்ட்டில் ஒரு வரியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? எனவே இது வெறும் சொகுசு விஷயமில்லை.

"அப்படின்னா போட்டுட வேண்டியதுதானே?" என்கிறீர்களா? அங்கேதான் மூன்று முட்டுக்கட்டைகள்.

ஒன்று, எடை. ஏ.சி. செட் 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதே எடைக்குச் சுமார் 35 லிட்டர் பெட்ரோல் ஏற்றலாம். இந்த என்ஜினுக்கு அது அரை மணி நேரப் பயணம். கன்டென்சரை வாலில் வைத்தால் புவியீர்ப்பு மையமும் பின்னால் நகரும்.

இரண்டு, சக்தி. அரை டன்னுக்கு, சி.ஓ.பி. 2 என்றால், சுமார் 900 வாட் வேண்டும். 28 வோல்ட் சிஸ்டத்தில் 30 ஆம்பியருக்கு மேல், 14 வோல்ட்டில் 60-க்கு மேல். என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் முழுக் கரண்ட் தராது. ஏ.சி. தேவைப்படும் நேரமும் அதேதான்! பெல்ட்டில் ஓட்டலாம். ஆனால் என்ஜின் அறையில் பெல்ட் அறுந்தால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும்.

மூன்றாவதுதான் முக்கியம்: ஓட்டைகள். ரெஃப்ரிஜிரன்ட் பைப், வயர், எவாப்பரேட்டரில் சொட்டும் தண்ணீருக்கான ட்ரெயின் எல்லாம் பிரஷர் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். வீட்டு ஏ.சி.யில் ட்ரெயின் பைப் சாதாரண சமாச்சாரம். இங்கே அதுவே காற்று கசியும் வழி. சீல் சரியில்லை என்றால் கேபின் அழுத்தம் இறங்கும். 24,000 அடியில் ஆக்சிஜன் இல்லாமல் தெளிவாக யோசிக்கச் சில நிமிடங்களே கிடைக்கும். 2005-இல் கேபினில் அழுத்தம் ஏறாத ஹீலியோஸ் போயிங் 737 விழுந்து 121 பேர் இறந்தார்கள். அங்கே காரணம் தவறான நிலையில் இருந்த ஒரு சுவிட்ச். ஆனால் அழுத்தம் போனால் மனிதன் எவ்வளவு சீக்கிரம் செயலிழப்பான் என்பதற்கு அதுவே சாட்சி.

இதற்கு மாற்று உண்டா? உண்டு, ஐஸ் பெட்டி! ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். 10 கிலோ என்றால் 3,340. அரை டன் வேகத்தில் செலவழித்தால் அரை மணி நேரம் தாங்கும். தரையில் காத்திருந்து, குளிர்ந்த உயரத்துக்கு ஏற அது போதும். ஒரு சின்ன ஃபேன், ஒரு சின்ன பம்ப். சுவரில் ஓட்டை இல்லை. குளிர்காலத்தில் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடலாம். குறை என்ன? திரும்பி வரும் ஊரிலும் ஐஸ் கிடைக்க வேண்டும்.

ஆக, எப்போதாவது வெயிலில் கிளம்புபவருக்கு ஐஸ் பெட்டியே போதும். பாலைவன ஊரில் குடியிருந்து, தினமும் பகலில் பறப்பவர் ஏ.சி. போடலாம். ஆனால் விமானத்தின் உடம்பை மூடுவதற்கு முன்பே திட்டம் போட்டு, ஓட்டைகளுக்கு முறையான வலுவூட்டல் வைத்து, பிரஷர் டெஸ்ட் செய்த பிறகே பறக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு டிரில்லை எடுப்பது ஆபத்து.

நண்பர்களே, நாளை நாமும் எங்கோ ஒரு பிளான்ட்டில் கூலிங் டிசைன் செய்யப் போகிறவர்கள். "எத்தனை டன்?" என்று கேட்கும் முன், "எத்தனை நிமிடத்துக்கு?" என்று கேளுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்!