பக்கச் சுமையும் முளைத்தூண்களும்

அவிசாவளையிலிருந்து அட்டனுக்குச் செல்லும் வீதியில், யட்டியாந்தோட்டைக்கு அப்பால் உள்ளது கித்துல்கலை. 1956ஆம் ஆண்டில் டேவிட் லீன் என்னும் ஆங்கில இயக்குநர் தம் திரைப்படத்துக்கென அங்கே களனி கங்கையின் குறுக்கே பெரியதொரு மரப்பாலம் அமைப்பித்தார். 'குவாய் நதிப் பாலம்' என்னும் அப்படம் 1957இல் வெளிவந்தது. பாலமோ படத்துக்காகவே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சயாம்–பர்மாப் புகையிரதப் பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மாண்ட செய்தியை அப்படம் பேசவில்லை என்பது நம்மனோர்க்கு உறுத்தும் குறையே. ஆயினும் அது வேறொரு கட்டுரைக்கு உரியது. ஈண்டு நாம் நினைவுகூர்வது அதில் வரும் ஒரு சிறு பகுதியை. ஆற்றினடி சேறாதலின் நாட்டிய மரங்கள் அமிழ்கின்றன. பொறியியல் அறிந்த கைதி ஒருவர், பாறையுள்ள வேறிடத்தைச் சுட்டிக் காட்டுகின்றார்.

அமிழ்தல் எவர் கண்ணுக்கும் புலப்படும் குறை. ஆனால் பாலத்தின் கால்களுக்குச் சோதனை மேலிருந்து மட்டும் வருவதன்று. வெள்ளத்தின் வேகம், அது புரட்டிவரும் மரங்கள், காற்று, ஓடும் வண்டி திடீரென நிற்கும்போது எழும் உந்தல் ஆகிய யாவும் பக்கவாட்டில் தாக்குவன. பைல் எனப் பொறியியலார் வழங்கும் முளைத்தூண் இவற்றை எங்ஙனம் தாங்குகின்றது?

மாடு கட்டும் முளையை நோக்குக. மாடு முளையை அழுத்துவதில்லை, பக்கமாகவே இழுக்கின்றது. மழை பெய்த மறுநாட் காலையிற் பார்த்தால் முளையின் ஒருபுறம் மண் நெருங்கியும், மறுபுறம் ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டும் இருக்கும். அடிமுனையோ பெரிதும் அசைந்திராது. முளைத்தூணின் இயல்பும் இதுவே. செங்குத்துச் சுமையைத் தாங்குவதில் அடியிலுள்ள பாறைக்குப் பெரும் பங்குண்டு. பக்கச் சுமையை எதிர்ப்பதிலோ மேற்பரப்பை அடுத்த சில அடி மண்ணே முதன்மை பெறுகின்றது. இடர்ப்பாடும் இங்கேதான் தோன்றுகின்றது. மேல்மண்ணே மழையில் நனைந்து இளகுவது. வெள்ளம் அரித்துச் செல்வதும் அதனையே.

மேல்மண் வலுக்குன்றுதற்கு வேறொரு காரணமும் உண்டு. தூண் தள்ளும்போது மேலேயுள்ள மண் ஆப்பு வடிவில் எழும்பி வெளியேறிவிடலாம். ஆழத்திலுள்ள மண்ணுக்கு அவ்வழி இல்லை; அது தூணைச் சுற்றி வழிந்தே செல்லவேண்டும். ஆதலின் எதிர்ப்பு மிகும். சுவீடன் நாட்டு அறிஞர் பென்ட் புரோம்ஸ் 1964இல் வெளியிட்ட கணக்குமுறையில், களிமண்ணின் எல்லையெதிர்ப்பு அம்மண்ணின் நறுக்கு வலிமையைப்போல் 9 மடங்கெனக் கொள்ளப்படுகின்றது. ஆயின் மேலே தூணின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆழத்துக்கு அவர் எவ்வெதிர்ப்பையும் கணக்கிற் சேர்த்திலர்.

குட்டைத் தூண் சாயும், மண்ணே தோற்கும். நெட்டைத் தூணோ வளையும். சுமை மிகின் தூணே முறியும். தூண் போதிய நீளம் பெற்றபின் அதனை மேலும் நீட்டுவதாற் பக்கச் சுமைக்குப் பயனில்லை. பருமனைக் கூட்டுவதே பயன் தரும். விட்டம் இரட்டிப்பின் உருளைத் தூணின் வளைவு விறைப்பு 16 மடங்காகும். பல தூண்களைக் கூட்டமாக நாட்டினும், பின்வரிசைத் தூண்கள் முன்வரிசைத் தூண்களால் நெகிழ்ந்த மண்ணையே எதிர்கொள்ளுதலின் எல்லாம் ஒப்பச் சுமப்பதில்லை. மலைச்சரிவின் விளிம்பில் நாட்டிய தூணின் நிலை இன்னும் இரங்கத்தக்கது: பள்ளத்தை நோக்கித் தள்ளப்படும்போது அதன் முன்னே தாங்கும் மண் குறைவு.

இதுவரை மண்ணைத் தாங்குவோனாகக் கண்டோம். மண்ணே தாக்குவோனாக மாறுவதும் உண்டு. 2001 சனவரி 26ஆந் தேதி கச்சுப் பகுதியில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியிற் கண்ட்லாத் துறைமுகத்தின் கோபுரக் கட்டடமொன்று, 32 முளைத்தூண்கள்மேல் நின்றும் சாய்ந்தது. நீர் தோய்ந்த மணல் இளகிப் பக்கமாக நகர்ந்தமை இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. நம் கேகாலை மாவட்டத்தில் இளகச் செய்வதற்குப் பூமியதிர்ச்சி வேண்டியதில்லை, மழை போதும். 2016 மே 17ஆந் தேதி அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலைகள் சரிந்து மக்களைப் புதைத்தன. லயங்களில் வாழ்வோர்க்கு இது ஏட்டறிவன்று.

சரியும் மண்ணை முளைத்தூண் வரிசையால் நிறுத்தலாகாதா எனின், சிலவிடங்களில் ஆகும். தூண்களுக்கு இடையிலுள்ள மண் வில்வளைவுபோல் அவற்றின்மேற் சாய்ந்து நிற்கும். ஆனால் தூணின் அடி, சறுக்கும் தளத்தைக் கடந்து உறுதியான நிலத்திற் போதிய ஆழம் புகுந்திருத்தல் வேண்டும்; அன்றேல் மண்ணோடு தூணும் சேர்ந்தே இறங்கும். வேகமாகப் பாயும் சேற்றுச்சரிவை மறிப்பதோ இத்தகைய வரிசையால் இயலாது.

தோட்டங்களிற் கான் வெட்டுவது இக்கணக்கின் மறுபக்கம். நீர் வடியின் மண்ணின் தள்ளுவிசை தணியும். அதன் வலிமையும் மீளும். அட்டன் வீதியில் மேலும் சென்றால் வரும் வட்டவளையில், 1992இற் புகையிரதப் பாதையைத் தாக்கிய நிலச்சரிவை அடக்குதற்குக் கையாண்ட வழியும் இதுவே. மலையின் உட்புறத்தே நீண்ட துளைகள் இட்டு, நிலத்தடி நீரை வெளியே வடியச் செய்தனர்.