ஏரி பொது; தூண்டில் மட்டும் யாருக்கு?

சேலம்–நாமக்கல் சமவெளியில், புதுச்சத்திரம் போன்ற வட்டாரங்களில், மழைக்குப் பின் ஏரி நிரம்பினால் மீன்பாசி ஏலத்தைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். குத்தகை எடுப்பவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விடுகிறார். மேல்நீர், இடைநீர், அடிநீர் என வெவ்வேறு மட்டங்களில் இரை தேடும் இம்மூன்றும் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு கிலோ எடையை எட்டும். வளமான ஏரி என்றால் நல்ல வருமானம்.

குத்தகைக் காலத்தில் மீன்பிடி உரிமை குத்தகைதாரருடையது. அனுமதியின்றித் தூண்டில் போடுபவரைத் தடுக்க அவருக்கு உரிமை உண்டு. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்தடை அனைவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஊர்த்தெரு இளைஞர்கள் கரையில் அமர்ந்து தூண்டில் போடுவதைக் கண்டுகொள்ளாமல், காலனி இளைஞர் வரும்போது மட்டும் விரட்டினால், அது குத்தகை உரிமையன்று, தீண்டாமை. மேலும், மீனைக் குத்தகைக்கு எடுத்தவர் ஏரியின் நீரையோ கரைப்பாதையையோ எடுத்துவிடவில்லை.

1927 மார்ச் 20 அன்று மகத்தின் சௌதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அருந்தியது பொதுநீரில் சம உரிமைக்காக. அரசமைப்பின் 15(2) கூறு குளங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 3(1)(இசட்.ஏ.) பிரிவு, ஊரின் பொதுச் சொத்து வளங்களைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்துவதையும் தொழில் செய்வதையும் தடுப்பதைக் குற்றமாக்குகிறது, தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. பட்டியல் சாதியினர் ஏலம் கேட்கவிடாமல் மிரட்டுவதும் இதற்குள் வரும் என்பதே எங்கள் வாசிப்பு. ஏலத்தில் தோற்பது மட்டும் குற்றமாகாது. தடுக்கப்பட்டதை நிறுவ வேண்டும்.

பஞ்சாபில் ஊராட்சிச் சாகுபடி நிலக் குத்தகையில் மூன்றில் ஒரு பங்கு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டும், பினாமிகளை எதிர்த்து 2014 முதல் சங்ரூரில் போராட வேண்டியிருந்தது. ஆகவே ஒதுக்கீடு கேட்பதோடு ஆவணங்களையும் கேட்க வேண்டும். ஏல அறிவிப்பு, கேட்டவர் பட்டியல், குத்தகை நிபந்தனைகள் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கோரலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். விரட்டப்பட்ட நாள், நேரம், அப்போது தூண்டிலோடு அமர்ந்திருந்த மற்றவர்கள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். வழக்கு பதிவானால் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க வேண்டும். அவர் முதலில் கேட்பது அந்த மற்றவர்களைப் பற்றித்தான்.