மாடியில் ஒரு குடில் – 6: தக்காளிக்கு எந்தத் தொட்டி?

சென்ற வாரம் நிழல்வலையை இழுத்துக் கட்டி முடித்தோம். இனி தக்காளியை எதில் நடுவது? பெயின்ட் வாளி, சிமென்ட் சாக்கு, மண்தொட்டி, க்ரோ பேக், பாதியாக அறுத்த நீல டிரம் என்று மாடித்தோட்டக்காரர்கள் ஆளுக்கொன்றைச் சொல்வார்கள். என்னிடம் கேட்பவர்களை நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எத்தனை முறை உங்களால் தண்ணீர் ஊற்ற முடியும்?

நெதர்லாந்தின் கண்ணாடிக் குடில்களில் மாதக்கணக்கில் காய்க்கும் தக்காளிக் கொடிகளுக்கு, வேர் பரப்பக் கிடைப்பது சில லிட்டர் பாறைக் கம்பளிதான். சொட்டுநீர்க் குழாய் பகல் முழுக்கச் சத்துக் கரைசலை ஊட்டிக்கொண்டே இருப்பதால் அங்கே அது போதும். நாமோ காலையில் ஒருமுறை பூவாளியை எடுக்கிறோம். அந்த ஒரு வேளைத் தண்ணீரை மாலை வரை பிடித்துவைக்க மண் வேண்டும். காய் பிடித்த செடி சித்திரை வெயிலில் இரண்டு லிட்டர் வரை குடித்துவிடும். 10 லிட்டர் வாளியில் நட்டால் நண்பகலில் துவண்டு, தண்ணீர் பட்டதும் நிமிரும். நாள்தோறும் இப்படிக் காய்ந்து நனைந்தால் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தும், தண்ணீர் சீராக ஏறாததால் காய்க்குப் போய்ச் சேராததுதான் பெரும்பாலும் காரணம். இதற்கு முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. தொட்டியை மாற்றுங்கள்.

15 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள பை ஏறத்தாழ 35 லிட்டர் கொள்ளும். ஒரு பைக்கு ஒரு செடி. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 போன்ற குட்டை ரகத்துக்கு 12-க்கு 12 பையே போதும். அது 22 லிட்டர். கயிற்றில் ஏற்றிவிடும் செர்ரி தக்காளிக்கு 35-க்குக் கீழே இறங்காதீர்கள்.

ஆழத்தைப் பற்றி ஒரு சோதனை. பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, உள்ளங்கையில் படுக்கவையுங்கள். சொட்டுவது நின்றதும் நெட்டாக நிமிர்த்துங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும்! தொட்டி மண்ணிலும் இதுதான் நடக்கிறது. எவ்வளவு வடிந்தாலும் அடியில் ஓர் அடுக்கு சொதசொதவென்றே நிற்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது மண்கலவை. தொட்டியின் உயரம் அல்ல. ஆகவே 6 அங்குலத் தட்டில் பெரும்பகுதி சேறாகிவிடும். 12 அங்குலத்தில் அதற்கு மேலே வேர் மூச்சுவிட இடம் மிஞ்சும். அடியில் ஜல்லியும் ஓட்டுச்சில்லும் நிரப்பும் வழக்கத்தையும் இதனால்தான் வேண்டாம் என்கிறேன். நுண்ணிய மண்ணிலிருந்து ஜல்லியின் பெரிய இடைவெளிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. ஈர அடுக்குதான் மேலே ஏறி வேரை நெருங்கும். மண் ஒழுகாதிருக்கத் துளையின்மேல் ஒரு சில்லு போதும்.

மண்தொட்டியின் பக்கங்கள் வழியே ஈரம் ஆவியாவதால் வேர் குளிர்ந்திருக்கும். ஆனால் சீக்கிரம் காயும், கனமும் அதிகம். கறுப்பு வாளியின் மேற்குப் பக்கத்தில் பிற்பகல் மூன்று மணிக்குக் கையை வைத்துப் பாருங்கள். வேர் படும் பாடு தெரியும். வெளிப்புறம் வெள்ளையாக, புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி நெய்த பையே என் தேர்வு. சிமென்ட் சாக்கு சில மாத வெயிலில் இற்று, பிளாஸ்டிக் துகளாக மண்ணில் கலக்கும். பழைய டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் தொடாதீர்கள்.

எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 35 லிட்டர் ஈரமண் 50 கிலோவைத் தாண்டும். ஆட்கள் புழங்கும் மாடிக்கு இந்தியத் தரநிலை சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. தென்னைநார்க் கழிவு கலந்து எடையைக் குறையுங்கள். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் தாங்கும் ஓரமாக வரிசையாக வையுங்கள்.

குடிலுக்கு மேலே பாலித்தீன் போட்டவர்களுக்கு இன்னொன்று. மழை உள்ளே விழாததால் உரத்தின் உப்பு கழுவப்படாமல் மண்பரப்பில் வெள்ளையாகப் பூக்கும். மாதம் ஒருமுறை அடித்துளைகளில் தாராளமாக வழியும்வரை ஊற்றி அலசுங்கள். அந்தத் தண்ணீர் தேங்கித் தளத்தில் ஊறாமல் இருக்க, பைகளைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள்.

(அடுத்த வாரம்: மண்கலவை)