இரத்த வங்கியின் மருத்துவர்

ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை நடைபெறுகிறது. நோயாளிக்கு உடனே இரத்தம் தேவை. உறவினர் ஒருவர் சீட்டும் மாதிரிக் குழாயுமாக இரத்த வங்கிக்கு விரைகிறார். "முக்கால் மணி நேரம் ஆகும், காத்திருங்கள்" என்று விடை வருகிறது. "அலமாரி நிறைய இரத்தம் இருக்கிறதே, எடுத்துத் தர ஏன் இத்தனை தாமதம்?" என்று அவர் சினந்து கொள்கிறார். அவருடைய பதற்றம் இயல்பே. எனினும், அந்த முக்கால் மணி நேரத்தில் நடப்பது யாது, அதற்குப் பொறுப்பேற்பவர் என்ன கற்றிருக்க வேண்டும் என்பவற்றை நாம் அறிந்துகொள்வது நலம்.

மனித இரத்தம் யாவும் ஒன்றன்று என்பதை வியன்னா நகரத்தில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1901-ஆம் ஆண்டில் விளக்கினார். 'ஏ', 'பி', 'ஓ', 'ஏபி' என்னும் நான்கு வகைகளை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். 1940-இல் 'ஆர்எச்' என்னும் கூறும் தெரியவந்தது. சில துளி மருந்துநீரைக் கலந்து பார்த்தாலே வகை புலனாகிவிடுகிறது. அப்படியானால், இதற்கென ஒரு தனி நிபுணர் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும்.

இதற்கு நம் நாட்டிலேயே விடை கிடைத்தது. 1952-ஆம் ஆண்டில் பம்பாயில் டாக்டர் ஒய். எம். பேண்டேயும் அவருடைய சகாக்களும் ஒரு விந்தையான இரத்தத்தைக் கண்டறிந்து, 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். சாதாரணப் பரிசோதனையில் அது 'ஓ' வகையாகவே தோன்றும். ஆனால், 'ஓ' வகையினரின் சிவப்பணுக்களிலுள்ள 'எச்' என்னும் பொருள் இதில் அறவே இல்லை. மாறாக, அப்பொருளை எதிர்க்கும் சக்தி இதன் நிணநீரில் இருக்கிறது. ஆதலால், இவ்வகையினருக்கு 'ஓ' இரத்தத்தைச் செலுத்தினால் அச்சிவப்பணுக்கள் சிதையும். சிறுநீரகம் செயலிழந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். 'பம்பாய் வகை' என்று உலகெங்கும் வழங்கும் இவ்விரத்தம் நம் நாட்டில் ஏறத்தாழ பதினாயிரம் பேரில் ஒருவருக்கு உண்டு.

சிவப்பணுக்களை மட்டும் சோதித்து நிறுத்துபவர் இதை அறியமாட்டார். நிணநீரையும் சோதித்து, இறுதியில் கொடுப்பவர் இரத்தத்தையும் பெறுபவர் இரத்தத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும்போதே உண்மை வெளிப்படும். காத்திருக்கச் சொல்வது இதற்காகவே. சோதனையைப் பயிற்சி பெற்ற பணியாளர் செய்துவிடுவார். ஆனால், ஒரு சோதனையின் முடிவும் மற்றொன்றின் முடிவும் முரண்படும்போது காரணத்தைக் கண்டு முடிவு சொல்பவரே நிபுணர்.

நெடுங்காலம் இப்பணியை நோய்க்குறியியல் மருத்துவர்களே தம் பிற அலுவல்களுக்கிடையே கவனித்து வந்தனர். சண்டிகர் நகரில் பேராசிரியர் ஜே. ஜி. ஜாலி போன்றோர் இதனைத் தனித்துறையாக வளர்க்கப் பாடுபட்டனர். 1996 ஜனவரி 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. பணத்துக்கு இரத்தம் விற்கும் முறையை இரண்டாண்டுகளுக்குள் ஒழிக்கவேண்டும் என்று அது கட்டளையிட்டது. இரத்தம் சேகரித்தல், பதப்படுத்தல், செலுத்துதல் ஆகியவற்றில் தனிப் பட்டமேற்படிப்புகள் தொடங்க நடவடிக்கை வேண்டும் என்றும் பணித்தது. இன்று எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் மூன்றாண்டுக் காலம் இத்துறையில் பயின்று எம்.டி. பட்டம் பெறலாம். லக்னோவிலுள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கழகம் இப்படிப்பை நடத்தும் நிலையங்களுள் ஒன்று.

அம்மூன்றாண்டுகளில் கற்கவேண்டியவை பல. இரத்தம் தர வருபவரின் உடல்நலத்தை ஆராய்ந்து, தகாதவரை மனம் நோகாமல் திருப்பியனுப்ப வேண்டும். எச்.ஐ.வி., இருவகை மஞ்சட்காமாலைக் கிருமிகள், மேகநோய், மலேரியா ஆகியவை இல்லை என்று உறுதி செய்யவேண்டும். ஒரு பை இரத்தத்தைப் பகுத்து, மூன்று நோயாளிகளுக்கு உதவச் செய்யவேண்டும். சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்தால், உரிய கரைசலுடன் 42 நாள் இருக்கும். தட்டணுக்களையோ 20 முதல் 24 டிகிரியில், இடைவிடாது அசைத்தபடி ஐந்து நாள் மட்டுமே வைக்கலாம். நிணநீரை உறையவைத்து ஓராண்டு காக்கலாம்.

இவற்றினும் அரியது நோயாளியின் படுக்கையருகே பெறும் பயிற்சி. தலசீமியா நோயுள்ள குழந்தைக்கு மாதந்தோறும் பிறர் இரத்தம் ஏற்றப்படுகிறது. நாளடைவில் அதன் உடலில் புதிய எதிர்ப்பொருள்கள் தோன்றி, பொருந்தும் இரத்தம் கிடைப்பதே அரிதாகிவிடலாம். அத்தருணத்தில் எந்த இரத்தம் தகும் என்று ஆராய்ந்து சொல்வதும், தேவையற்ற இடத்தில் "இரத்தம் வேண்டாம்" என்று துணிந்து சொல்வதும் இந்நிபுணரின் கடமைகளாகும்.

ஓராண்டு அனுபவமுள்ள எம்.பி.பி.எஸ். மருத்துவரும் இரத்த வங்கிப் பொறுப்பை ஏற்க நம் சட்டவிதிகள் இடமளிக்கின்றன. பரந்த இந்நாட்டில் அது தவிர்க்க இயலாததே. ஆயினும், பிரசவத்தில் இரத்தப்பெருக்கால் வாடும் தாய் பெருநகரில்தான் இருப்பாள் என்பதில்லை. மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் இத்துறை கற்றோர் பணிபுரியும் நாளை நாம் எதிர்நோக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யத்தக்கவை இரண்டு. உடல்நலமுள்ளவர்கள் விலை கருதாது இரத்தம் அளிப்போம். காத்திருக்கச் சொன்னால் பொறுமையோடு காத்திருப்போம். அந்த முக்கால் மணி நேரம் நம்முடைய நோயாளியின் உயிர்க்காப்புக்காகவே செலவாகிறது.