கர்ப்ப காலத்தில் வேலைநீக்கம்: பேரத்துக்கு முன்பே சேரவேண்டிய பணம்

கர்ப்பிணி ஒருவரை ஆட்குறைப்பில் வெளியே அனுப்பும் நிறுவனம் அவருக்குத் தரும் பணத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சட்டப்படி கொடுத்தே தீரவேண்டியது. மற்றது, நிறுவனம் மனம்வைத்துத் தருவது. பேசிக் கூட்டிக்கொள்ளக் கூடியது. எச்.ஆர். அறையில் நீட்டப்படும் ‘பேக்கேஜ்’ பல நேரங்களில் இந்த இரண்டையும் ஒரே தொகையாகக் கலந்துவிடுகிறது. கலந்ததைப் பிரித்துப் பார்ப்பதுதான் பேச்சுவார்த்தையின் முதல் வேலை.

இந்தியாவில் இதற்கு அடிப்படை 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம். 2017-இல் அது திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. முக்கியமான பாதுகாப்புகள் அப்படியே தொடர்கின்றன. பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். டீம் லீடர், மேனேஜர் என்று பதவி பார்த்து யாரையும் இது விலக்குவதில்லை. ஏஜென்சி மூலம் வேலைக்கு வந்தவர்களும் இதற்குள் அடக்கம்.

விடுப்பில் இருக்கும் பெண்ணை, அந்த விடுப்பைக் காரணம் காட்டியோ விடுப்புக் காலத்திலேயோ நீக்கக் கூடாது என்பது பலருக்கும் தெரிந்த விதி. அதிகம் பேசப்படாத இன்னொரு விதிதான் ஆட்குறைப்பில் கைகொடுப்பது. கர்ப்பகாலத்தின் எந்தக் கட்டத்தில் நீக்கினாலும், நீக்கப்படாமல் இருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய மகப்பேறு பணத்தை அந்த நீக்கம் பறிக்காது. ஆகவே ‘உங்கள் கர்ப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, புராஜெக்டே முடிந்துவிட்டது’ என்று நிறுவனம் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அப்போதும் பணம் தரவேண்டிய கடமை தீராது. கடுமையான ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டால் மட்டுமே விலக்கு. வேலைத்திறன் குறைவு என்பது ஒழுங்கீனம் ஆகாது.

இந்த விதியின் வீச்சை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவாக்கியது. தில்லி மருத்துவமனை ஒன்றில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருந்த மருத்துவர், ஒப்பந்தம் முடியும் தறுவாயில் பேறுகால விடுப்புக் கேட்டார். மிச்சமிருந்த 11 நாளுக்கு மட்டும் பணம் என்றது நிர்வாகம். ஒப்பந்தம் முடிந்தாலும் மகப்பேறு பயன் முடிவதில்லை, முழுக் காலத்துக்கும் கொடுக்கவேண்டும் என்றது நீதிமன்றம். சென்னையிலும் ஒரு முன்னுதாரணம் உண்டு. 2015 ஜனவரியில், ஆட்குறைப்புக்கு ஆளான கர்ப்பிணி மென்பொருள் ஊழியர் உயர் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றார்; அவர் வேலை செய்த பெரிய நிறுவனம் நீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று விளங்கும். மாதம் 60,000 ரூபாய் ஊதியம் என்று வைத்துக்கொள்வோம், நாளுக்கு 2,000. இருபத்தாறு வாரம் என்பது 182 நாள். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்கக் கூடாது என்பது கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கில் 1977-லேயே முடிவான சங்கதி. ஆக, மகப்பேறு பணம் மட்டுமே 3,64,000 ரூபாய். ‘மூன்று மாதச் சம்பளம் தருகிறோம்’ என்று தாராளமாக வரும் பேக்கேஜ் 1,80,000. பாதிகூட இல்லை, அதில் நோட்டீஸ் காலச் சம்பளமும் சேர்த்தி என்றால் சொல்லவே வேண்டாம்.

சட்டம் ‘தொழிலாளி’ என்று ஏற்கும் ஊழியராக இருந்தால் ஆட்குறைப்பு இழப்பீடு தனி: முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். அவர் ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும் உண்டு. மென்பொருள் ஊழியர் இந்த வரையறைக்குள் வருவாரா என்பதை விசிட்டிங் கார்டில் அச்சிட்ட பதவிப் பெயர் தீர்மானிக்காது, அவர் செய்யும் வேலையின் தன்மையே தீர்மானிக்கும். தகுதி பெற்றிருந்தால் கிராஜுவிட்டி, பயன்படுத்தாத விடுப்புக்கான பணம், பி.எஃப். ஆகியவை எப்படியும் ஊழியருடையவை. அவற்றைப் பேக்கேஜில் எழுதித் தொகையைப் பெரிதாகக் காட்டுவது பழைய தந்திரம்.

இவையெல்லாம் போகத்தான் பேரம் தொடங்குகிறது. முதலில் கேட்கவேண்டியது மருத்துவக் காப்பீடு. கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ் பொதுவாகக் கடைசி வேலைநாளோடு நின்றுவிடும். வெளியே புதிதாக எடுக்கும் பாலிசிகளில் பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. ஏற்கெனவே கருவுற்றிருப்பவருக்கு இந்தப் பிரசவத்தில் அது உதவாது. சிசேரியன், பச்சிளங்குழந்தைப் பிரிவு என்று செலவு ஏறினால் கைக்கு வந்த இழப்பீடு மருத்துவமனை பில்லிலேயே கரைந்துவிடும். அதனால் பிரசவம் முடியும்வரை காப்பீட்டை நீட்டிக்கவும், குழந்தையையும் அதில் சேர்க்கவும் கேட்கலாம். கடைசி வேலைநாளைத் தள்ளிவைத்து, சம்பளப் பட்டியலில் பெயரைத் தொடரச் செய்வது இதற்கு எளிய வழி. பல நிறுவனங்களுக்கு ரொக்கம் கூட்டித் தருவதைவிட இதற்குச் சம்மதிப்பது சுலபம். அடுத்த வேலைக்கான நற்சான்று, ரிலீவிங் லெட்டரில் இடம்பெறும் வாசகம், லேப்டாப் போன்றவை பிறகு பேசிக்கொள்ளக் கூடியவை.

பேரத்தில் பெரிய கண்ணி ராஜினாமா கடிதம். ‘நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அடுத்த வேலைக்கு நல்லது’ என்ற அறிவுரை அக்கறையோடு வருவதுபோல் தோன்றும். கையெழுத்துப் போட்ட பின் அது நிறுவனம் நீக்கிய வழக்கு அல்ல, அவராகப் போன வழக்கு. நீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பும் ஆட்குறைப்பு இழப்பீடும் அதோடு ஆட்டம் காணும். மிரட்டி வாங்கினார்கள் என்று பின்னால் நிரூபிப்பது கடினம். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதித் தரும் தாளிலும் இதே ஆபத்து; மகப்பேறு பணம் தனி வரியாக, தனித் தொகையாக எழுதப்படாதவரை அதில் கையெழுத்திடத் தேவையில்லை.

கர்ப்பத்தை எழுத்தில் தெரிவித்திருப்பது முக்கியம். ஸ்கேன் அறிக்கையோ மருத்துவர் சான்றோ இணைத்து அனுப்பிய ஒரு மின்னஞ்சல், தேதியோடு நிற்கும் சாட்சி. அதை அலுவலக முகவரியில் மட்டும் வைத்திருந்தால், கணக்கு முடக்கப்பட்ட நாளில் சாட்சியும் போய்விடும். வாய்மொழியாகப் பேசியதை அன்றே மின்னஞ்சலில் சுருக்கி எழுதி எச்.ஆருக்கு அனுப்பிவைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெற்று இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு மகப்பேறு பணத்தை இ.எஸ்.ஐ. கழகம் தருகிறது. அதற்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு 26 வாரச் செலவு முழுதும் முதலாளி தலையில் விழுகிறது. கர்ப்பிணிகளின் பெயர் ஆட்குறைப்புப் பட்டியலில் ஏறுவதற்கான தூண்டுதல் இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. செலவைச் சமூகக் காப்பீடு ஏற்காதவரை, சட்டம் எத்தனை கடுமையாக இருந்தாலும் இந்த இழுபறி ஓயாது.

பேச்சு முறிந்தால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் தரலாம். நீக்கத்தையோ பணம் மறுப்பதையோ எதிர்த்து உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்ய, உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாள் அவகாசம் உண்டு. ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்’ என்று நிறுவனம் இழுத்தடிக்கும் வாரங்களும் அந்த 60 நாளில்தான் கழிகின்றன.