சாப்மியின் எட்டுப் பருவங்களும் பயணத் திட்டமும்

சாப்மி என்பது நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதிகளிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் பரவியுள்ள நிலப்பரப்பு ஆகும். இது சாமி மக்களின் தாயகம். (தமிழில் கடவுளைக் குறிக்கும் சொல்லோடு இப்பெயருக்கு ஒலியொப்புமை தவிர வேறு தொடர்பில்லை.) சுற்றுலா விளம்பரங்களில் இப்பகுதி லாப்லாந்து என்றே அழைக்கப்படுகிறது. ஆனால் 'லாப்' என்ற சொல்லைச் சாமி மக்கள் இழிசொல்லாகக் கருதுகின்றனர். பயணம் செய்வோர் இதை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

பருவப் பகுப்பு

சாமி மரபில் ஆண்டு எட்டுப் பருவங்களாகப் பகுக்கப்படுகிறது. வட சாமி மொழியில் குளிர்காலம் 'டால்வி', வசந்தம் 'கித்தா'. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் 'கித்தாடால்வி', அதாவது வசந்தக் குளிர்காலம். இவ்வாறே நான்கு முதன்மைப் பருவங்களுக்கும் இடையில் நான்கு இடைப்பருவங்கள் உள்ளன. ரெயின்டீர் எனப்படும் துருவ மான்களின் வாழ்க்கைச் சுழற்சியை ஒட்டியே இப்பகுப்பு அமைந்தது. மான்கள் இடம்பெயர்வது, கன்று ஈனுவது, கொழுப்பது, இணைசேர்வது ஆகியவையே பருவத்தின் அடையாளங்கள். ஆகவே நாட்காட்டியில் ஒரு தேதியைக் காட்டி "இன்று முதல் வசந்தம்" என்று கூற இயலாது.

குளிர்காலமும் வசந்தக் குளிர்காலமும்

பெரும்பாலோர் துருவ ஒளியைக் காண டிசம்பரில் செல்ல விரும்புகின்றனர். பின்லாந்தின் வடகோடியான உட்ஸ்யோக்கியில் நவம்பர் இறுதி முதல் ஏறத்தாழ ஏழு வாரங்கள் சூரியன் எழுவதில்லை. நண்பகலில் சிறிது நேரம் நீலநிற மங்கல் வெளிச்சம் மட்டுமே இருக்கும். துருவ ஒளியை ஆகஸ்டு இறுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை காண வாய்ப்புண்டு என்பதால் அதற்காக டிசம்பரையே பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. மலைகளின் மழைமறைவில் உள்ள சுவீடனின் அபிஸ்கோவில் வானம் பிற இடங்களைவிடத் தெளிவாக இருக்கும். ஸ்டாக்ஹோமிலிருந்து நார்விக் செல்லும் இரவு ரயில் இவ்வூர் வழியே செல்கிறது.

பிப்ரவரி முதல் வியாழக்கிழமை ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய யொக்மொக் ஊரில் குளிர்காலச் சந்தை தொடங்கும். 1605-இல் சுவீடன் அரசு வரி வசூலிக்கவும் சமயத்தைப் பரப்பவும் ஏற்படுத்திய சந்தை இது. இன்று அதுவே சாமி கைவினையும் உறவினர் சந்திப்பும் நிகழும் இடமாக மாறிவிட்டது. அவ்வூரிலுள்ள ஆய்த்தே அருங்காட்சியகத்தை ஒரு முழுநாள் ஒதுக்கிப் பார்க்கலாம். சந்தை நாட்களுக்கான தங்குமிடத்தைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

முதன்முறை செல்வோருக்கு மிகவும் ஏற்றது மார்ச்–ஏப்ரல் மாதங்களின் வசந்தக் குளிர்காலமே. பனி உறுதியாக இருக்கும், பகலும் நீளும். நார்வேயின் கௌடோகெய்னோவில் ஈஸ்டரையொட்டித் திருமணங்களும் துருவ மான் பந்தயங்களும் நடைபெறும். மந்தைகளைக் கடற்கரை நோக்கி ஓட்டிச் செல்லுமுன் குடும்பங்கள் ஒன்றுகூடும் காலம் இது. திருமண விருந்தில் மான் இறைச்சியும் உருளைக்கிழங்கும் காரட்டும் சேர்த்த 'பிதோஸ்' குழம்பு பரிமாறப்படும். பாலாடைக்கட்டித் துண்டுகளைச் சூடான காப்பியில் போட்டு ஊறியபின் உண்பதும் இங்குள்ள வழக்கம்.

மே மாதம் கன்று ஈனும் காலம். பனி உருகிப் பாதைகள் சேறாகிவிடும். விடுதிகள் பலவும் மூடியிருக்கும். பயணிகள் இக்காலத்தைத் தவிர்ப்பது மான்களுக்கும் நல்லது.

கோடையும் இலையுதிர்காலமும்

ஜூன், ஜூலையில் நள்ளிரவிலும் சூரியன் மறையாது. அந்த வெளிச்சத்தில் இரவு முழுவதும் கன்றுகளின் காதுகளில் உரிமையாளர் குறி வெட்டப்படும். ஒவ்வோர் உரிமையாளருக்கும் பதிவு செய்யப்பட்ட தனிக்குறி உண்டு. விளம்பரங்களில் அதிகம் சொல்லப்படாத செய்தி கொசுக்கள். இவற்றுக்காகவே பின்லாந்து மொழியில் 'ரெக்கா' என்று ஒரு தனிச்சொல் உண்டு. கொசுவலைத் தொப்பி இன்றிச் செல்வது வீண்.

ஜூலை இறுதியிலிருந்து சதுப்பு நிலங்களில் கிளவுட்பெர்ரி பழுக்கும். நெருப்பில் வாட்டிய 'லெய்பாயூஸ்டோ' பாலாடைக்கட்டியோடு இதன் ஜாமைச் சேர்த்து உண்பர். சைவ உணவினருக்கு இங்கே கிடைக்கும் சிறந்த பதார்த்தம் இதுவே எனலாம். பாலாடைக்கட்டி உறைய விலங்கு நொதி சேர்க்கப்பட்டுள்ளதா என்று கேட்டறிய வேண்டும். காட்டுப் பழங்களை எவரும் பறிக்கலாம் என்பது பொதுவான உரிமை. ஆனால் வட நார்வேயில் கிளவுட்பெர்ரி பறிப்பதற்கு நில உரிமையாளர் தடை விதிக்க முடியும்.

செப்டம்பரில் குள்ள பிர்ச் செடிகள் செந்நிறமாகும். பின்லாந்தில் இது 'ருஸ்கா' எனப்படும். இந்நிறம் ஏறத்தாழ இரண்டு வாரமே நீடிக்கும். கொசு இராது, இரவு இருள்வதால் துருவ ஒளியும் தெரியும்.

மாறிவரும் பனி

குளிர்காலத்தில் துருவ மான்கள் பனியைக் குளம்பால் தோண்டி அடியிலுள்ள லைக்கன்களை உண்கின்றன. அண்மைக்காலங்களில் குளிர்காலத்தின் நடுவே வெப்பம் ஏறி மழை பெய்வதும் மீண்டும் உறைவதும் நிகழ்கின்றன. அப்போது லைக்கன்களின்மேல் பனிக்கட்டிப் படலம் உருவாகிறது. மான்களால் அதை உடைக்க இயலாது. மேய்ப்பர்கள் விலைக்குத் தீவனம் வாங்கிப் போட வேண்டியுள்ளது. இல்லையெனில் மந்தை மடியும். இவ்வாறு மெலிந்த மான்களைப் படம் எடுப்பதற்காகப் பனிஊர்தியிலோ ட்ரோனாலோ விரட்டினால் அவை எஞ்சிய சக்தியையும் இழக்கின்றன. சினையுற்ற பெண்மான்களுக்கு இது பேராபத்து. மந்தை எதிர்ப்பட்டால் அசையாமல் நின்று அது கடந்து செல்ல விடவேண்டும்.

மேய்ப்பரிடம் "உங்களுக்கு எத்தனை மான்கள்?" என்று கேட்பது வங்கி இருப்பைக் கேட்பதற்கு ஒப்பாகும். சாலையில் திரியும் மான்களுக்கும் உரிமையாளர் உண்டு. பின்லாந்தில் வாகனம் மானின்மீது மோதினால் 112 எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய மூன்றும் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தவை. ஒரே விசாவில் மூன்றுக்கும் செல்லலாம். பயணத் தேதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். எனவே பிப்ரவரிச் சந்தைக்குச் செல்ல விரும்புவோர் ஆகஸ்டிலேயே ஆவணங்களை அணியமாக்கத் தொடங்கலாம்.