ஆயிரம் கோடி டிகிரியில் ஓர் அணுக்கரு

தை 5 ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எழுந்தருளும் ஊர் மணலூர்பேட்டை. அங்கே தென்பெண்ணை மணலில் ஒரு காந்தத்தைப் புரட்டிப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். மேக்னடைட் என்னும் இரும்புத் தாது அது. அந்த இரும்பு பூமியில் உண்டானதல்ல. விண்மீன்களில், பெரும்பாலும் அவை வெடித்தபோது, பிறந்தது.

இரும்பின் அணுக்கருவில் 26 புரோட்டான், 30 நியூட்ரான். ஏறக்குறைய சரிபாதி. ஏன்? அணுக்கருவுக்குள் புரோட்டான்களுக்கு ஒரு படித்துறை, நியூட்ரான்களுக்கு ஒரு படித்துறை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படியில் இருவருக்கு மேல் நிற்க இடமில்லை. பவுலி விதி அப்படி. கீழ்ப்படிகள் நிரம்பிவிட்டால் அடுத்து வருபவர் மேலே ஏற வேண்டும், அதற்கு ஆற்றல் செலவாகும். ஒரு துறையில் கூட்டம் நெரிய, மற்றது காலியாகக் கிடந்தால் மொத்தச் செலவு எகிறும். போதாததற்கு, புரோட்டானும் நியூட்ரானும் தம் இனத்தைவிட ஒன்றையொன்றே வலுவாக ஈர்க்கின்றன. எண்ணிக்கை ஒத்துப்போகாததற்கு அணுக்கரு கட்டும் இந்த விலையே சமச்சீர் ஆற்றல். அணுக்கருவின் ஆற்றலைக் கணக்கிட 1935இல் இயற்பியலாளர் வைசாக்கர் தந்த சூத்திரத்தில் இதற்கு ஓர் இடம் உண்டு: வித்தியாசம் இரு மடங்கானால் விலை நான்கு மடங்கு! ஈயம் 82 புரோட்டானுக்கு 126 நியூட்ரான் வைத்திருக்கிறதே என்றால், புரோட்டான்களின் மின் விலக்கத்தைச் சமாளிக்க அது இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

அணுக்கருவைச் சூடாக்கினால்? சூரியனின் மையம் 1.5 கோடி டிகிரி. நமக்கு வேண்டியது, வெடிக்கப்போகும் விண்மீனின் மையத்தில் நிலவும் ஆயிரம் கோடி. அந்தச் சூட்டில் மேல்படிகளுக்குச் சிலர் தாமாகவே ஏறிவிடுகிறார்கள், கீழே நெரிசல் தளர்கிறது. அணுக்கருவும் சற்று உப்பி அடர்த்தி இழக்கிறது. கொல்கத்தா சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தின் ஜே. என். டே, எஸ். கே. சமத்தார் இருவரும் 2012இல் வெளியிட்ட கணக்கில், சூடு ஏற ஏறச் சமச்சீர் ஆற்றல் இறங்குகிறது.

எனக்கு மிகப் பிடித்த திருப்பம் இனிமேல்தான். அணுக்கருவின் மேற்பரப்பு ஓயாமல் அதிர்கிறது. அந்த அதிர்வோடு பிணைந்திருப்பதால் உள்ளே ஓடும் துகள்கள் உள்ளதைவிடக் கனமானவை போல நடந்துகொள்கின்றன. சூடு இந்தப் பிணைப்பைத் தளர்த்துகிறது, துகள்கள் ‘லேசாகின்றன’. லேசான துகளுக்குப் படிகளின் இடைவெளி அதிகம். ஆகவே விலை ஏற வேண்டும்! 1994இல் மிலான் இயற்பியலாளர்கள் சொன்னது இதுதான். ஒரே சூடு, எதிரெதிரான இரண்டு இழுப்பு.

இதனால் யாருக்கு என்ன? 1930இல் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துக் கப்பலேறிய 19 வயதுச் சந்திரசேகர், விண்மீனுக்குள் எலெக்ட்ரான்களின் அழுத்தம் தாங்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை உண்டென்று கண்டார். இன்றைய கணக்கில் அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. பெரிய விண்மீனின் இரும்பு மையம் அந்த எல்லையைத் தாண்டினால் ஒரு நொடிக்குள் இடிந்து விழும். அப்போது எலெக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் புகுந்து அவற்றை நியூட்ரான்களாக்குகின்றன. அணுக்கருவின் சமநிலை குலைகிறது. சமச்சீர் ஆற்றல் குறுக்கே நிற்கிறது. அதன் விலை கூடினால் எலெக்ட்ரான்கள் அதிகம் மிஞ்சும், இடிந்து இறுகியதும் எதிர்த்துத் துள்ளும் உள்மையம் பெரிதாகும், அதிலிருந்து வெளியே பாயும் அதிர்ச்சி அலை உடைத்துச் செல்ல வேண்டிய இரும்பு குறையும். வெடிப்புக்கு வழி எளிதாகும். மிலான் கணக்கு சொல்லும் ஏற்றம் சில சதவீதம்தான். ஆனாலும் வெடிப்பைக் கணினியில் கணிப்பவர்கள் அதைத் தள்ளிவிட முடியாது.

எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் தம்பி தங்கைகளே, வைசாக்கர் சூத்திரத்தில் சமச்சீர் ஆற்றலுக்குரிய எண்ணை மனப்பாடம் செய்யும்போது, அது குளிர்ந்த அணுக்கருவுக்கு உரியது என்பதையும் ஓரத்தில் எழுதிவையுங்கள்.